பின்னாடின்னு சொல்லக் கூடாது

பின்னாடின்னு சொல்லக் கூடாது. பின்னாடின்னு சொன்னா, பஸ்ஸுக்குப் பின்னாடியா, உங்களுக்குப் பின்னாடியா, இல்ல கொஞ்ச நேரம் கழிச்சுப் பின்னாடியான்னு எதிர்க்கட்சி வக்கீலு கேப்பாரு, அதுலயே அரை மணி நேரம் ஓட்டிருவாரு, அதனால ஒடம்புல எந்த இடமோ அதும் பேரைச் சொல்லிருங்கம்மான்னு அரசு வக்கீலு ஹேமப்ரியா சொல்லிட்டு உள்ள போயிருச்சு. சின்னப் புள்ள, எம் பொண்ணு வயசுதான் இருக்கும். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கிட்டு அது சொல்றப்ப லேசாத்தான் இருக்குது. பேரைச் சொல்லிருங்க. என்ன பேரு? காலைல பத்து மணியிலிருந்து இந்த மகிளா கோர்ட்டு வராந்தா பெஞ்சுல ஒக்காந்து நானும் அந்தப் பேரைத்தான் தேடிட்டிருக்கறன். பின்புறம்னா ஊட்டுப் பின்புறம் மாதிரி இருக்குது, துணி காயப் போடற எடம். பிட்டம்னு ஒண்ணு இருக்குது, ஊசி போடற நர்சம்மாகூட அப்படிச் சொல்லி நாங் கேட்டதில்ல. இடுப்புன்னு சொல்லிரலாமான்னா அது பொய்யாப் போயிரும், இடுப்பு வேற அது வேற, சத்தியம் வாங்கிட்டுத்தான் பேச விடுவாங்களாமா, சத்தியம் பண்ணிட்டு ஒரு சாண் மேல தள்ளிச் சொன்னா அது பொய்ச் சாட்சியில்லாம என்ன? உண்மையான வார்த்தை ஒண்ணு இருக்குது. அதைச் சொல்லித்தான் இருவத்திரெண்டு வருசமா நாஞ் சோறு திங்கறன். கரட்டுப்பாளையம் அங்கன்வாடி டீச்சரு பூவாத்தாள்னா யாரு, ஒரு நாளைக்கி நாப்பது தடவ அந்த வார்த்தையச் சொல்றவ. டேய், குண்டியக் கழுவுனயா. அம்மிணி, மண்ணுல குண்டி வெச்சு ஒக்காராத. பெரிய ஆபீசரம்மா சென்டரைப் பாக்க வந்தன்னைக்குக்கூட வாய் தவறி வந்துருச்சு, அவங்களுஞ் சிரிச்சாங்க. புள்ளைக குண்டி வேற, சட்டத்து முன்னாடி வெக்கிற குண்டி வேறயா? வேறதான் போலிருக்குது. இல்லாட்டி எனக்கு ஏன் நாக்கு இப்படி மேலண்ணத்துல ஒட்டிக்குது. தண்ணி குடிக்கலாம், குடிச்சா கூப்பிடற நேரத்துக்கு ஒண்ணுக்கு வரும். குடிக்க வேண்டாம்.

பெஞ்சுல இந்தக் கோடியில நானு, நடுவுல எங்கூட்டுக்காரரு சென்னியப்பன், அந்தக் கோடியில பஸ்ஸுக் கண்டக்டரு ரங்கராசு. ரங்கராசு என்னையப் பாக்கறதில்ல. வந்ததுல இருந்து செவுத்துல ஒட்டியிருக்கற நோட்டீசையே படிச்சிட்டிருக்கறாரு, ஏழு வரி நோட்டீசு, இந்நேரம் மனப்பாடம் ஆயிருக்கும். போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு, நான் பஸ்ஸுக்குப் பின்பக்கம் டிக்கெட் போட்டிட்டிருந்தேன், ஒண்ணும் பாக்கலைன்னு. பாத்தாரு. எனக்கு ரெண்டடி தள்ளி நின்னாரு, வாயில விசிலு, கையில டிக்கெட் மெசினு. பயம். யாருக்குத்தான் இல்ல. எம்மேல கை வெச்ச அந்தாளு விதைக்கடை கிருபாகரன், கோயில் கமிட்டியில இருக்கறாரு, நாலு ஊருக்குக் கல்யாணப் பத்திரிகையில பேரு போடறாங்க. கண்டக்டரு அதே வழியில தினம் எட்டு நடை போகோணும். எங்கூட்டுக்காரரே அன்னைக்கி ராத்திரி சோத்துல கைய வெச்சுக்கிட்டு, பூவா, உனக்குச் சரியாத் தெரியுமா, கையிதானா, பை கிய்யி இல்லையேன்னு கேட்டவருதான. அவரு கேட்டது தப்பில்ல. நானும் மொதல்ல பைன்னுதான் நெனச்சன். முப்பத்தஞ்சு வருசமா பஸ்ஸுல போறன், எப்பவும் மனசு மொதல்ல பைன்னுதான் நெனைக்குது, யோசிச்சுப் பாத்தா எத்தன பை! அன்னைக்கும் ஆடி மாசக் காத்து, ஏழே முக்காப் பஸ்ஸு, நிக்க எடமில்ல, கக்கத்துல ரிஜிஸ்டரு, ஒரு கையில கம்பி, இன்னொரு கையில கீரைக்கட்டு. பின்னாடி என்னமோ பட்டுது. பார், பின்னாடிங்கறன். சொல்லக் கூடாது. பட்டுது, பைன்னு நெனச்சன். அப்பறம் குடையோன்னு நெனச்சன். அப்பறம் அது புடிச்சுது. கொத்தா, காய் வாங்கறப்ப முத்தலா பிஞ்சான்னு பாக்கற மாதிரி. குடை புடிக்காது. எனக்குக் கோவம் வர முந்தி ஒரு யோசனை வந்துது பாருங்க, நகர்ந்து நின்னுக்கலாம், அடுத்த ஸ்டாப்பு வந்துரும்னு. அந்த யோசனைய நெனச்சா எனக்கு இன்னைக்கும் அந்தாளு மேல வர்ற கோவத்தக் காட்டியும் எம்மேல கோவம் வருது. நகர எடமில்ல, அதான் தப்பிச்சன். கீரைக்கட்டக் கீழ விட்டுட்டு அந்தக் கையப் புடிச்சுத் தலைக்கு மேல தூக்கி, எனக்குத் தெரிஞ்ச ஒரே பாசையில கத்துனன். இந்தக் கை யாரோடது? சென்டர்ல செருப்பு மாறிப் போனா, இந்தச் செருப்பு யாரோடதுன்னு கேக்கறதில்லையா, அதே கொரலு. பஸ்ஸே திரும்பிப் பாத்துது. ஒருத்தரும் என்றதுன்னு சொல்லல. அந்தாளும் சொல்லல. அவரும் கழுத்தத் திருப்பிச் சுத்திமுத்திப் பாத்தாரு, யாரோடதுன்னு.

அந்தக் கைய விடாமத்தான் டவுன் பஸ்டாண்டு வரைக்கும் போனன். என்ற ஸ்டாப்பு வந்துது, போச்சு. பதினோரு நிமிசம். தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு வலிக்குது, புடிச்ச கையில வாட்ச் வேற இருக்குது, நான் அதுலயே மணி பாத்துக்கறன், அய்யோ எட்டாயிருச்சே, புள்ளைக வந்துருமே, இன்னைக்கி முட்டை நாளாச்சேன்னு. அக்கா தப்பா நெனைக்காதீங்க பிரேக்குங்கக்கான்னு அந்தாளு மெதுவாச் சொல்லிட்டே வர்றாரு. பஸ்டாண்டுல நின்ன போலீசுக்காரரு, இது எங்க எல்லையில்லீங்கம்மா, உங்க ஸ்டேசனுக்குப் போயி எழுதிக் குடுங்கன்னுட்டாரு. கைய விடச் சொன்னாரு. விட்டன். சாயங்காலம் எங்க ஸ்டேசன்ல ரைட்டரு பேனாவத் தொறந்து, பேரு கேட்டாரு, ஊரு கேட்டாரு, வயசு கேட்டாரு. அம்பத்தொண்ணுங்கன்னன். பேனாவ மூடிட்டு மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ பாத்து, உங்களையவாங்க, அப்படின்னாரு. நல்ல மனுசன், வாய் தவறித்தான் வந்துது, உடனே தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆனா எனக்கு ரெண்டு கோவம் ஆயிப் போச்சு. அந்தாளு செஞ்சதுக்கு ஒண்ணு, இவரு நம்பாததுக்கு ஒண்ணு. மொதக் கோவத்துக்குச் செக்சன் இருக்குது, ரெண்டாவதுக்கு என்ன செக்சன்னு இதுவரைக்கும் யாருஞ் சொல்லல. அப்பறம் அவரு எழுதுனதப் படிச்சுக் காட்டுனாரு. எனது மானத்திற்குப் பங்கம் விளைவிக்கும் தீய எண்ணத்துடன். நாஞ் சொல்லவேயில்ல அப்படி. மானம் எனக்கு அப்படியேதான் இருந்துது, கீரைக்கட்டுத்தான் போச்சு.

ஹேமப்ரியா நல்லா வெளக்கிச் சொல்லிச்சு, நோட்டுல படம் போடாத கொறைதான். கேசு முந்நூத்தி அம்பத்திநாலு, கூடவே நம்ம மாநிலத்துல பொம்பளைகளத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு போட்ட தனிச் சட்டம் ஒண்ணு. கொறஞ்சது ஒரு வருசம், அதிகம்னா அஞ்சு வருசம். நடுவுல யாரோ சொன்னாங்க, புதுச் சட்டம் வந்துருச்சு, இப்ப அது எழுவத்தி நாலுன்னு. முந்நூத்தி அம்பத்திநாலு எங்க, எழுவத்தி நாலு எங்க, மார்க்கக் கொறச்சுப் போட்டுட்டாங்களான்னு ஓடிப் போயிக் கேட்டன். நம்பருதாம்மா மாறிச்சு, அதுமில்லாம உங்களுக்கு நடந்தது பழைய சட்டம் இருக்கறப்ப, அதனால பழைய நம்பருதான்னுச்சு. சரி. ஜட்ஜம்மாகிட்டச் சொல்லி இன் கேமராவுல விசாரிக்கச் சொல்லட்டுமான்னுச்சு. கேமரா கீமரா வேண்டாங் கண்ணு, நான் போட்டோவுல நல்லா உழுகமாட்டன்னுட்டன். இன் கேமரான்னா கதவச் சாத்திக்கிட்டு ஆளுகள வெளிய அனுப்பிட்டு விசாரிக்கறதாமா. அதுக்கு எதுக்குக் கேமராங்கோணும்? ஆனாலும் யோசிச்சுப் பாத்து வேண்டாம்னுட்டன். நடந்தது அத்தன பேரு முன்னால, சொல்றது மட்டும் கதவச் சாத்திட்டா? அன்னைக்கி வீராப்பாச் சொல்லிட்டன். இப்ப அந்தக் கதவு ஆன்னு தொறந்து கெடக்குது, வராந்தா பூராச் சனம், ஜீவனாம்சக் கேசுக்கு வந்த ஒரு குடும்பமே முறுக்குத் தின்னுட்டு என்ற வாயப் பாத்துட்டு ஒக்காந்திருக்குது.

அவரு மூணு வழியில வருவாரும்மான்னு ஹேமப்ரியா சொல்லிச்சு. அந்தாளோட வக்கீலு அங்கமுத்து. ஒண்ணு, அப்படி எதுவுமே நடக்கலைம்பாரு. ரெண்டு, நடந்துச்சு ஆனா கை எங்காளோடது இல்லைம்பாரு. மூணு, கை அவரோடதுதான், பிரேக்குல பட்டுருச்சு, எண்ணம் எதுவும் இல்லைம்பாரு. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராதே கண்ணுன்னன். ஒத்து வரோணும்னு இல்லீங்கம்மா, ஜட்ஜுக்கு ஒரு நியாயமான சந்தேகம் வந்தாப் போதும், சந்தேகத்தோட பலன் அவருக்குன்னுச்சு. இதென்ன எனக்குப் புதுசா. எங்க சென்டர்ல கவின்னு ஒருத்தன், மூணே கால் வயசு, பாய நனைச்சுட்டா இதே மூணையுந்தான் சொல்லுவான். ஈரமேயில்ல டீச்சர். ஈரந்தான், ஆனா அது அவன். நாந்தான், ஆனா தண்ணி கொட்டிருச்சு. வக்கீலுக்குப் படிக்காமலே சொல்றான். சிரிப்பு வந்துருச்சு, பெஞ்சுல ஒக்காந்து தனியாச் சிரிக்கறன், எங்கூட்டுக்காரரு திரும்பிப் பாக்கறாரு. நாம் பயந்துட்டன்னு நெனைக்கறாரு போல. பயந்தான். என்ன பயம்னா, அந்தாளு தப்பிச்சுருவாருங்கறதில்ல. உள்ள போயி நின்னப்பறம் எனக்கே சந்தேகம் வந்துரும்னு. ரெண்டரை வருசமாச்சு. தெனம் நெனச்சு நெனச்சு அது தேஞ்சு போயி இப்பக் கைய நெனச்சா எனக்கு வாட்ச்சுத்தான் ஞாபகம் வருது. உண்மையிலயே பிரேக் போட்டாங்களோ? போட்டாங்க. ஆனா அது ஓடக்கரை வளைவுல. கை வந்தது அதுக்கு முந்தி. முந்தியா? முந்திதான், கீரைக்கட்டு அப்பக் கையில இருந்துது, வளைவுல கீழ கெடந்து உருண்டுது, யாரோ மிதிச்சாங்க, சாறு வாசம் வந்துது. ஆமா. சிறுகீரை. அந்த வாசம் வந்துதுன்னா எல்லாம் உண்மை.

பூவாத்தாள், பூவாத்தாள், பூவாத்தாள்னு மூணு தடவ கூப்பிட்டாங்க, ஏதோ காணாமப் போனவளக் கூப்பிடற மாதிரி. எந்திரிச்சன், செருப்ப வெளிய விடறதா போட்டுக்கறதான்னு தெரியாம ஒண்ண விட்டுட்டு ஒண்ணோட போயிட்டன். கூண்டுல ஏறி நின்னா எதிர்க்கூண்டுல அந்தாளு, வெள்ளைச் சட்டை, நெத்தியில விபூதி, என்னையப் பாக்காம மின்விசிறியப் பாக்கறாரு. ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேல பாத்து, பயப்படாமச் சொல்லுங்கம்மான்னாங்க. சத்தியம் பண்ணுனன். ஹேமப்ரியா ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு, நான் ஒண்ணொண்ணாச் சொன்னன், ஏழே முக்காப் பஸ்ஸு, கம்பி, கீரைக்கட்டு. எதிரி உங்களை எந்த இடத்துல தொட்டாருன்னு கேட்டுச்சு. பஸ்ஸுலங்கன்னன். எங்கயோ ஒரு சிரிப்பு. உடம்புல எந்த இடத்துலம்மா? பின்... னு வாய் வந்துருச்சு. அப்படியே நிறுத்துனன். மின்விசிறி மட்டும் கிர்ரு கிர்ருன்னு சுத்துது. டைப் அடிக்கற தம்பி வெரலத் தூக்கி வெச்சுக்கிட்டுக் காத்திருக்கறாரு. எனக்கு என்னமோ அப்பச் சென்டரு ஞாபகம் வந்துது, கவின் பொய் சொல்றப்ப நான் அவங்கிட்டச் சொல்றது, கண்ணு, என்ன நடந்துதோ அத ஒன்ற வாயில சொல்லுன்னு. குண்டியிலங்கன்னன். கொரலு அடங்கித்தான் வரும்னு நெனச்சன், இருவத்திரெண்டு வருசப் பழக்கம், புள்ளைகளக் கூப்பிடற சத்தத்துல வந்துருச்சு. குண்டியப் புடிச்சுக் கசக்குனாருங்க. வராந்தாவுல முறுக்குக் கடிக்கற சத்தம் நின்னு போச்சு.

அங்கமுத்து எந்திரிச்சாரு. பெரிய கும்பிடு போட்டாரு, பெரியவங்க மேல எனக்கு நெம்ப மரியாதைன்னாரு. ஓடக்கரைல டிரைவர் பிரேக் போட்டது உண்மையான்னாரு. உண்மைங்க. பிரேக் போட்டா நிக்கறவங்க சாயறது சகசந்தான? சகசந்தாங்க, ஆனா சாயறவங்க கம்பியப் புடிப்பாங்க, கம்பியக் கசக்கமாட்டாங்க, அதுமில்லாமக் கை மொதல்ல வந்துது, பிரேக்கு அப்பறம் வந்துதுங்க. காலைல எட்டு மணிக்கு நடந்ததா சொல்றீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான புகார் குடுத்தீங்க, நடுவுல ஒம்போது மணி நேரம் யாரோட கலந்து பேசுனீங்க? முட்டை வேக வெச்சனுங்க, இருவத்தியாறு முட்டை. ஜட்ஜம்மா குனிஞ்சு என்னமோ எழுதுனாங்க, தோளு குலுங்குச்சு. கரட்டுப்பாளையத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு டவுன் வரைக்கும் போனீங்களே, அது டிக்கெட் இல்லாத பயணந்தான? ஆமாங்க, ஒரு கையில கம்பி, ஒரு கையில உங்காளு கை, பர்ச எந்தக் கையில எடுக்கறதுங்க? இப்பச் சிரிச்சது கோர்ட்டே. அவரு மொகம் மாறிச்சு. அம்பது வயசுக்கு மேலான ஒரு பெண்ணிடம், பேரன் பேத்தி எடுத்தவரிடம், சமூகத்துல மதிப்புள்ள ஒரு மனிதர் அப்படி நடந்துக்க என்ன அவசியம்னு... ஜட்ஜம்மா பேனாவ மேசையில வெச்சாங்க. சட்டத்துல வயசு வரம்பு எங்க இருக்குது வக்கீல் சார், காட்டுங்க, நானும் பாக்கறேன்னாங்க. அவரு காயிதத்தப் பொரட்டுனாரு. பொறவு படிக்கற மாதிரி வரிசையா ஆரம்பிச்சாரு. அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்றால் சரிதானே. சரியில்லீங்க. அந்தக் கை எதிரியோட கை இல்லை என்றால். அவரோடதுதாங்க, வாட்ச்சுல மணி பாத்தனுங்க. கண்டக்டரே எதையும் பாக்கலைன்னு சொல்லியிருக்கறப்ப நீங்க சொல்றது கற்பனை என்றால். வாசலப் பாத்தன். செவுத்துல சாஞ்சு நின்ன ரங்கராசோட சட்டைக் கை மட்டும் தெரிஞ்சுது. கண்டக்டரு சொன்னது கண்டக்டருதாங்க சொல்லோணும், எனக்கு நடந்ததத்தான் நாஞ் சொல்ல முடியும்னன்.

முடிஞ்சுதுன்னு நெனச்சு எறங்கப் போனன், இருங்கம்மா, படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கோணும்னாங்க. டைப் அடிச்ச தம்பி மளமளன்னு படிச்சாரு, நாஞ் சொன்னதுதான், ஆனாச் சட்டை மாத்திவிட்ட மாதிரி இருந்துது, கீரைக்கட்டுகூடக் கீரைக் கட்டு ஒன்றுன்னு ஆயிருந்துது. எதிரி எனது பின்புறத்தைத் தொட்டார்னு படிச்சாரு. அது அப்படியில்லீங்கன்னன். ஹேமப்ரியா கண்ணக் காட்டுச்சு, விட்டுருங்கன்னு. பின்புறம்னு நாஞ் சொல்லலீங்க, தொட்டாருன்னுஞ் சொல்லலீங்க. தம்பி, அது மரியாதைக்காகப் போட்டதுங்கம்மான்னாரு. யாருக்கு மரியாதைங் கண்ணு? நெசமாவே தெரியாமத்தான் கேட்டன், யாருக்குன்னு. அவரு ஜட்ஜம்மாவப் பாத்தாரு. ஜட்ஜம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, சாட்சி சொன்ன வார்த்தையவே போடுங்கன்னாங்க. எல்லாரும் ஒக்காந்திருக்க, அந்தத் தம்பி மறுபடி அடிச்சாரு, ஒவ்வொரு எழுத்தும் டொக்கு டொக்குன்னு கேட்டுது. நாலு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டன். எறங்கறப்ப அந்தாளத் தாண்டித்தான் போகோணும். இப்பவும் அவரு என்னையப் பாக்கல, ஆனாக் கைய ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கொண்டு போயி மறச்சுக்கிட்டாரு. எங்கே, கையக் காட்டுன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டன்.

வெளிய வந்தா வராந்தா விலகி வழி விட்டுது, அந்த ஜீவனாம்சக் குடும்பத்துப் பெரியம்மா முறுக்குப் பொட்டலத்த எம் பக்கம் நீட்டுச்சு. ஒண்ணு எடுத்துக்கிட்டன். எங்கூட்டுக்காரரு எந்திரிச்சு நின்னாரு, அந்த மனுசன் கோயில்லகூட அப்படி நின்னு நான் பாத்ததில்ல. எல்லாமே கேட்டுச்சு பூவான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. காது மட்டும் செவந்து கெடந்துது. நான் ஒக்காந்து அந்த ஒத்தைச் செருப்பத் தேடி மாட்டறன், அதுக்குள்ள ரங்கராசப் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க. அவரு என்னையத் தாண்டிப் போனாரு, அப்பவும் பாக்கல. சத்தியம் வாங்கறது கேட்டுது. பேரு, வேலை, வழித்தடம். ஹேமப்ரியா கேக்குது, சம்பவத்த நீங்க பாத்தீங்களா. நான் முறுக்கக் கடிக்காமப் புடிச்சிருக்கறன். அங்கமுத்து இருமறாரு. மறுபடி கேக்குது, ஏனுங்க, பாத்தீங்களா இல்லையா. பாத்தனுங்க, அப்படிங்கறாரு ரங்கராசு. கையப் புடிக்கறதுக்கு முந்தியே பாத்தனுங்க. போலீசுல பாக்கலைன்னு சொல்லியிருக்கீங்களே? பயந்துட்டனுங்க. அந்தம்மா கீரைக்கட்டக் கீழ போட்டப்ப நான் ரெண்டடியிலதான் நின்னனுங்க. விசில் வாயிலதானுங்க இருந்துச்சு. ஊதல. எங்கூட்டுக்காரரு எங்கையத் தொட்டு என்னமோ சொல்ல வந்தாரு. சித்த இருங்க, இன்னுஞ் சொல்றாருன்னன்.